கருமுட்டை கிடைக்க ஏன் இத்தனை காலம்?

ஒரு குழந்தை உருவாவதில் தாய், தந்தை இருவருக்கும் பங்கு உண்டு என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்து சுமார் 150 ஆண்டுகள்தான் ஆகின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

குழந்தைக்கு உருவம் கொடுப்பவன் ஆண், பெண் தருவது வெறும் மூலப்பொருள் என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். அதாவது ஆண் விதை, பெண் நிலம்! ஐரோப்பாவில் இந்த எண்ணம் பல நூற்றாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது.

1561-ல் இத்தாலிய மருத்துவர் பலோப்பியோ, கருப்பையின் இருபுறமும் உள்ள குழாய்களை விவரித்து எழுதினார். அவர் பெயரால்தான் அவை பலோப்பியன் குழாய்கள் ஆயின. ஆனால் அவற்றின் வேலை அப்போது தெரியவில்லை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த மருத்துவர் டி கிராஃப், 1672-ல் இதற்கு விடை சொன்னார். பெண்ணின் சினைப்பையில் முட்டை உண்டாகிறது, அது இந்தக் குழாய் வழியாகக் கருப்பைக்கு வருகிறது என்றார். ஆனால் அவர் முட்டை என்று நினைத்தது முட்டையைச் சுற்றியுள்ள சிறு பையைத்தான். மறு ஆண்டே, 32 வயதில் அவர் இறந்துபோனார்.

அதே ஊர்த் துணி வியாபாரி லேவன்ஹூக், 1677-ல் தானே செய்த நுண்ணோக்கியில் விந்தணுக்கள் நீந்துவதைப் பார்த்தார். உடனே, முழு மனிதனும் விந்தணுவுக்குள்ளேயே இருக்கிறான் என்று ஒரு கட்சி கிளம்பியது. இப்படித்தான் இருக்கும் என்று 1694-ல் ஹார்ட்சூக்கர் ஒரு குட்டி மனிதனைப் படமே வரைந்தார்! இல்லை, எல்லாம் முட்டைக்குள்தான் என்றது எதிர்க்கட்சி.

உண்மையான முட்டையை 1827-ல்தான் ஒரு நாயின் சினைப்பையில் ஃபான் பேயர் கண்டுபிடித்தார். மனிதக் கருமுட்டை சுமார் 0.1 மில்லிமீட்டர். விந்தணுவைவிடப் பலமடங்கு பெரியது. பெரியது ஏன் பிந்திக் கிடைத்தது? விந்தணுக்கள் கோடிக்கணக்கில் வெளியே வருகின்றன. முட்டையோ பொதுவாக மாதம் ஒன்றுதான் முதிர்கிறது, அதுவும் உடலுக்குள்ளே.

கடல் முள்ளெலி என்ற உயிரினத்தின் முட்டையில் இரண்டின் உட்கருக்களும் இணைவதை 1876-ல் ஹெர்ட்விக் விளக்கினார். விதை, நிலம் என்ற கதை அத்தோடு முடிந்தது.

1905-ல் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி நெட்டி ஸ்டீவன்ஸ், மாவுப்புழுக்களை ஆராய்ந்து, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது ஆணின் விந்தணுவே என்று காட்டினார். மனிதருக்கும் அதேதான்.

இவ்வளவு தெரிந்த பிறகும், பெண் குழந்தை பிறந்தால் தாயைக் குறை சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பாடம் மாறிவிட்டது. பழி மட்டும் மாறவில்லை.