இரும்புக்கை சிவகாசிக்கு வந்த வழி

1962 அக்டோபரில் லண்டன் ஃப்ளீட்வே நிறுவனம் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கியது. முதல் இதழிலேயே ஒரு மர்மத் தொடர் ஆரம்பமானது. லூயி கிராண்டேல் என்ற ஆய்வுக்கூட உதவியாளன் வலது கையை இழந்து, அந்த இடத்தில் இரும்புக்கை மாட்டிக்கொண்டவன். இன்னொரு விபத்தில் அவன் உடம்பில் கடுமையான மின்சாரம் பாய்கிறது. ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. ‘தி ஸ்டீல் க்ளா’ என்பது தொடரின் பெயர்.

அந்தக் கை பிறந்ததே இரண்டு நாடுகளில்தான். கதையைத் தொடங்கியவர் கென் புல்மர் என்ற ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர். பிறகு டாம் டுல்லி தொடர்ந்தார். படம் வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ பார்சிலோனாக்காரர். கறுப்பு மை ஒன்றை வைத்துக்கொண்டே மழையில் நனைந்த தெருவையும், நிழலில் பதுங்கும் மனிதனையும், பயத்தில் உறைந்த முகத்தையும் கொண்டுவரத் தெரிந்த பெரிய கலைஞர். கிராண்டேல் ஆரம்பத்தில் நல்லவனும் அல்ல. மறையும் சக்தி கிடைத்ததும் கொள்ளையடிக்கத்தான் கிளம்புகிறான். பிறகு திருந்தி, ஒரு ரகசிய உளவுப் படையில் சேர்ந்து உலகம் சுற்றுகிறான். 1967இல் ஃப்ளீட்வே இவனையும், ஜானி நீரோ போன்ற உளவாளிகளையும் வைத்து ஒரு புத்தகத்துக்கு ஒரு முழுக்கதை என்று கையடக்க நூல்களும் வெளியிட்டது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிராண்டேலின் கதை ஓய்ந்தது. 1976இல் ‘வேலியன்ட்’ இதழே நின்றது.

சிவகாசியில் அவன் வாழ்வு தொடங்கியது 1972 ஜனவரியில். சௌந்தரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு வெளியீட்டைத் தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. கிராண்டேல்தான் தமிழில் மாயாவி ஆனான். முல்லை தங்கராசன் ஆரம்ப ஆண்டுகளில் அதன் ஆசிரியராக இருந்தார்.

சென்னையில் நடந்திருக்க வேண்டியது ஏன் சிவகாசியில் நடந்தது? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தது 1923 வாக்கில். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ அச்சு வேண்டும். பட்டாசு வந்தபோது லேபிள் தேவை இன்னும் பெருகியது. அப்படி வளர்ந்த அச்சகங்கள் காலண்டரும் சாமி படமும் அடித்து நாடு முழுக்க அனுப்பின. வண்ண ராப்பர் அச்சடிக்க ஆள், கட்டிங் மெஷின், பைண்டிங் கைகள், லாரி புக்கிங் எல்லாம் ஒரே ஊரில் கூப்பிடு தூரத்தில் இருந்தன. படக்கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது.

வாசகர்களும் தயாராக இருந்தார்கள். பக்கத்து விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் கிராமங்களுக்குப் பள்ளிக்கூடமும் மதிய உணவும் வந்தன. மின்சாரமும் வேகமாகப் பரவியது. அந்தப் பள்ளிகளில் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள்தாம் 1972இல் மாயாவியைக் கையில் எடுத்தவர்கள். பல வீடுகளில் அப்போது கரண்ட் புதிது. தொட்டால் உயிர் போகும் என்று பெரியவர்கள் மிரட்டிய அதே மின்சாரத்தில் விரலை வைத்து ஒருவன் மறைந்துபோகிறான் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்! லண்டன் பையனுக்குக் கிடைக்காத சிலிர்ப்பு அது.

படிக்கும் விதமும் இங்கே மாறியது. அங்கே வாரம் சில பக்கமாக வந்த தொடர். அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு புத்தகத்தில் ஒரு முழுக்கதை. வாடகை நூலகத்தில் எடுத்து, ராத்திரியே முடித்து, காலையில் நண்பனுக்குக் கைமாற்றிவிடலாம். ‘பாம்புத் தீவு’, ‘உறைபனி மர்மம்’, இன்னொரு தொடரின் நாயகர்களான லாரன்ஸ்–டேவிட்டின் ‘ஃபிளைட் 731’, ‘காற்றில் கரைந்த கப்பல்கள்’ என்று தலைப்புகளே ஊர்விட்டு ஊர் இழுத்தன. தமிழ்வாணனின் சங்கர்லாலும் பெர்லின்வரை போய்த் துப்பறிந்தவர்தான். ஆனால் அங்கே அயல்நாட்டைச் சொற்களில் படித்துக் கற்பனை செய்ய வேண்டும். இங்கே பிளாஸ்கோவின் தூரிகை அதைக் கண்முன்னால் வைத்தது. மதுரையைத் தாண்டாத பிள்ளைக்கு லண்டன் பாலமும் பனிமலையும் நீர்மூழ்கிக் கப்பலும் பழகிப்போயின.

சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். முதல் இதழ் ‘கத்திமுனையில் மாடஸ்தி’. ஃப்ராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சிவரை போய்ப் பதிப்பாளர்களிடம் பேசி அவர் கதைகளைக் கொண்டுவந்தார். இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லர் வந்தார். பெல்ஜியத்திலிருந்து ரிப்போர்ட்டர் ஜானி வந்தார். தான் யார் என்றே மறந்து கரையொதுங்கிய ஒருவனின் கதையான ‘இரத்தப் படல’மும் வந்தது. அதன் 18 பாகங்களும் 2010இல் ஒரே பெரும் தொகுதியாகத் தமிழில் வெளியாயின. மாயாவியின் பழைய கதைகளும் மறுபதிப்பு கண்டன.

இத்தனைக்கும் தமிழ் மர்மக் கதையின் வரலாறு எழுதப்படும்போது ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று தொடங்கி சுஜாதா, ராஜேஷ்குமார் என்று முடித்துவிடுகிறார்கள். சிவகாசிக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. படம் போட்டால் இலக்கியம் இல்லை என்ற பழைய எண்ணம்தான் காரணம். அது தவறு. பேச்சுக் குமிழுக்குள் அடங்கும்படி, வேகம் குறையாமல், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி தமிழ் வசனம் எழுதுவது கடினமான எழுத்து வேலை. அதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சிறு நகரம் செய்திருக்கிறது. வெடிவிபத்துச் செய்தியில் மட்டும் சிவகாசியின் பெயரைப் படிக்கும் நாம் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காலத்துத் தாள் மலிவானது. இப்போது பழுத்து, தொட்டால் பொடிகிறது. உங்கள் வீட்டுப் பரணில் முத்து காமிக்ஸோ லயனோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சேகரிப்பவர் யாரிடமாவது கொடுங்கள். இல்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.