‘பொது’ என்னும் சொல்

நிலத்தைப் பறிக்க வாள் எதற்கு? ஒரு சொல் போதும்! 1894இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய நிலங்கையகச் சட்டம் அச்சொல்லை வழங்கிற்று: ‘பொது நோக்கம்’. அதன் பொருள் யாது? ஊர்மனை அமைத்தலும் அதனுள் அடங்கும் என்றதோடு வரையறை நின்றுவிட்டது. அரசு அறிவித்துவிட்டால் அவ்வறிவிப்பே முடிவான சான்று என்றது ஆறாம் பிரிவு. வழக்காடுபவரே சாட்சி, அவரே நீதிபதி. விந்தையன்றோ!

1984இல் வரையறை விரிந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, தனியார் நிறுவனத்திற்கெனில் பாதிக்கப்படும் குடும்பங்களுள் நூற்றுக்கு 80இன் இசைவு வேண்டுமென்றது.

தமிழகத்திலோ 1997ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இருந்தது. அதன் பெயரிலேயே ‘பொது’ போய்த் ‘தொழில் நோக்கம்’ வந்துவிட்டது. இசைவு கேட்கும் தொல்லையும் இல்லை. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாதென்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கு உயிரூட்டியது. 2021இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது.

தொழிற்சாலை வேண்டாவென நான் சொல்லேன். என் மாணவர்க்கு நாளை வேலை வேண்டும். ஆயினும் நம் திருவண்ணாமலை மாவட்டத்து மேல்மாவில், 2023இல் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த உழவர் எழுவர் மீது பாய்ந்தது குண்டர் சட்டம்! அவருள் அறுவர் மீதான ஆணையை அரசே பின்னர்த் திரும்பப் பெற்றது. உழுதவன் குண்டனென்றால், ‘பொது’மக்கள் யார்?