அறுபதடிமான எண்முறையில் ஏழு

60-இன் பகாக் காரணிகள் 2, 3, 5 மட்டுமே. இவற்றாலான எண்களின் தலைகீழிகள் அறுபதடிமானத்தில் முடிவுறும். 1/8 என்பது 7, 30 (அதாவது 7/60 + 30/3600). அடுத்த பகா எண்ணான ஏழில் இது தவறுகிறது: 1/7 என்பது 8, 34, 17, 8, 34, 17 என முடிவின்றிச் சுழலும்.

பழைய பாபிலோனியக் காலத்து (ஏறத்தாழ கி.மு. 2000–1600) எழுத்தர்கள் தலைகீழியால் பெருக்கியே வகுத்தனர். ஆகவே இது அவர்களுக்குச் சிறு குறையன்று. அவர்களது களிமண் பலகைகளிலுள்ள தலைகீழி அட்டவணைகள் பொதுவாக 6-க்குப் பின் 8-க்குத் தாவுகின்றன. சிலவற்றில் ஏழுக்குத் தலைகீழி இல்லை என்றே எழுதப்பட்டுள்ளது. ஏழால் வகுக்க நேர்ந்தால், எதை ஏழால் பெருக்கினால் இது கிடைக்கும் என வினவி விடையை நேரே எழுதினர். விடை முழுமையாக வரும்படி ஆசிரியரே கணக்கை அமைத்திருப்பார் போலும்!

ஆனாலும் மாணவர் மனனம் செய்த வழக்கமான பெருக்கல் வாய்பாடுகளில் ஏழாம் வாய்பாடு உண்டு. 11, 13 இரண்டுக்கும் இல்லை.