புழு புகுந்த ராத்திரி

முதல் வருஷம் சி லேபில் எல்லாரும் எழுதின புரோகிராம்தான். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கும். டைப் பண்ணினால் வணக்கம் சொல்லும். பெயரை வாங்க ஒரே ஒரு வரி: கெட்ஸ். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு டிக் விழும், வேலை முடிந்தது. அப்புறம் நெட்வொர்க்கிங் பேப்பர் வந்தது. ஏழு அடுக்கை மனப்பாடம் பண்ணினோம். செக்யூரிட்டி கடைசி யூனிட். சாய்ஸில் விட்டுவிடலாம் என்றார்கள், விட்டாச்சு :-)

அந்த ஒரு வரியும் அந்தக் கடைசி யூனிட்டும் ஒரே கதை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

1988 நவம்பர் 2, புதன்கிழமை சாயங்காலம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ், வயசு 22, ஒரு குட்டி புரோகிராமை இணையத்தில் விட்டார். தானாகவே ஒரு பொட்டியிலிருந்து இன்னொரு பொட்டிக்குத் தாவும் புழு. கார்னெலிலிருந்து வந்தது என்று தெரியக்கூடாது என்பதற்காக எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கிளப்பினார்.

அப்போது இணையத்தில் இருந்தது சுமார் 60,000 கம்ப்யூட்டர்கள்தான். பெரும்பாலும் பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக்கூடம், ராணுவம். ஒருவரை ஒருவர் தெரிந்த சின்ன கிராமம் மாதிரி. கதவைத் தாழ் போடாமல் தூங்குகிற கிராமம்! புழு நுழைந்ததும் அந்த நம்பிக்கை வழியாகத்தான்.

முதல் வழி, சென்ட்மெயில். சோதனைக்காக வைத்திருந்த டீபக் வசதியை அணைக்காமலே பல இடங்களில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் மூலம் மெயிலுக்குப் பதில் கட்டளையை அனுப்பலாம்.

இரண்டாவது, ஃபிங்கர். யார் லாகின் பண்ணியிருக்கிறார் என்று விசாரிக்கிற சேவை. கேள்வியை வாங்கிக்கொள்ள அது பயன்படுத்தியது நம்ம கெட்ஸ். டப்பாவின் கொள்ளளவு 512 பைட். கெட்ஸ் அளவு பார்க்காது, ஊற்றினதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். புழு 536 பைட் ஊற்றியது. மிச்சம் 24 வழிந்து பக்கத்தில் விழுந்தது. அங்கேதான் 'வேலை முடிந்ததும் அடுத்து எங்கே போகணும்' என்ற முகவரி இருக்கிறது. அது மாறியது, பொட்டி புழுவின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

மூன்றாவது, பாஸ்வேர்ட். பயனர் பெயர், அதையே தலைகீழாக, அப்புறம் கையோடு கொண்டுவந்த 432 வார்த்தைகள் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. ஒரு கணக்கு திறந்தால் போதும். 'அந்தப் பொட்டியிலிருந்து வந்தால் கேள்வி கேட்காமல் விடு' என்று பக்கத்து கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மாரிஸின் அப்பா பெயரும் ராபர்ட் மாரிஸ்தான். யூனிக்ஸ் பாஸ்வேர்ட் முறையை வடிவமைத்தவர்களில் ஒருவர். 1979-ல் கென் தாம்ப்ஸனோடு எழுதிய கட்டுரையில், திரட்டிய 3,289 பாஸ்வேர்டுகளில் 86 சதவீதம் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியவை என்று காட்டியிருந்தார். புழு கிளம்பியபோது அவர் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எச்சரித்தது, மகன் செய்து காட்டியது!

புழு எந்த ஃபைலையும் அழிக்கவில்லை. காலை வாரியது ஒரு சின்னக் கணக்கு. ஏற்கெனவே புகுந்த பொட்டியில் இன்னொரு புழு இருந்தால் ஒன்று விலகிவிடணும். ஆனால் "இங்கே ஏற்கெனவே இருக்கிறது" என்று யாராவது பொய் சொல்லி ஏமாற்றிவிட்டால்? அதற்காக ஏழில் ஒரு தடவை, என்ன ஆனாலும் விலகாதே என்று எழுதியிருந்தார். ஏழில் ஒன்று ரொம்ப அதிகம். ஒரே பொட்டியில் பத்து, இருபது என்று புழுக்கள் சேர்ந்து, எல்லாம் மூச்சுத் திணறி நின்றன. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் மாட்டின என்பது அன்றைய கணிப்பு.

பயந்துபோன மாரிஸ், நண்பர் மூலம் பெயர் போடாமல் மன்னிப்பும், நிறுத்தும் வழியும் எழுதி அனுப்பினார். நெட்வொர்க் ஸ்தம்பித்திருந்ததால் அது போய்ச் சேரவே இல்லை, சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் ராத்திரி பூரா முழித்து மாற்று மருந்து கண்டுபிடித்தார்கள். ஆனால் பயத்தில் வயரைப் பிடுங்கியவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. மருந்தும் அதே வயர் வழியாகத்தானே வரணும்!

அதே மாதம் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் சர்ட் என்ற அவசர உதவிக் குழு பிறந்தது. 1990-ல் மாரிஸுக்கு மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார்.

கெட்ஸ் கதை? சி மொழியின் தர நிர்ணயத்திலிருந்து அதைத் தூக்கியது 2011-ல். புழு வந்து 23 வருஷம் கழித்து. அதற்கும் பல வருஷம் கழித்து நான் லேபில் அதை எழுதி டிக் வாங்கினேன்.

போன மாசம் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பையனின் கோடைப் பார்த்தேன். அளவு பார்க்காமல் வாங்கி வைக்கிற அதே வகை வரி. திட்ட மனசு வரவில்லை. அவனுக்கும் செக்யூரிட்டி கடைசி யூனிட்தான். டீ குடிக்கக் கூட்டிப்போய் இந்தக் கதையைச் சொன்னேன். திரும்பி வந்து, நான் காட்டாத இன்னும் இரண்டு இடத்தை அவனே கண்டுபிடித்துத் திருத்தினான்.

பாடம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஏழு அடுக்கு கொஞ்சம் மெதுவாக வரட்டும். முதல் வகுப்பில் இந்தப் புழுவைச் சொல்லுங்கள். நெட்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்பதும், எப்படி உடைகிறது என்பதும் தனித்தனி யூனிட் இல்லை.