சவுக்குக் கிளையும் செயற்கை மரமும்

மும்பை மாநகரில் தமிழ் மக்கள் குடியேறி வாழும் பகுதிகளில் மார்கழி இரு வகை ஒலிகளோடு புலர்கின்றது. மாட்டுங்காவில் விடியற்காலைத் திருப்பாவை ஒலிக்கும். தாராவியின் சந்துகளில் கிறிஸ்து பிறப்புக் கீதம் பாடுவோர் இரவில் வீடு வீடாக வருவர். இவ்விரண்டையும் கேட்டு வளர்வது நம் பிள்ளைகள் பெற்ற பேறு எனலாம்.

சென்ற டிசம்பரில் நம் காலனியின் பொதுக் கூடத்தில் விழா மரம் ஒன்று வைப்பது என முடிவாயிற்று. எந்த மரம் வைப்பது என்பதில்தான் வழக்கு எழுந்தது. ‘கிராஃபர்டு மார்க்கெட்டில் மடித்து வைக்கத்தக்க செயற்கை மரம் கிடைக்கின்றது, ஒருமுறை வாங்கினால் பல்லாண்டு பயன்படும்’ என்றனர் இளைஞர். நெல்லைச் சீமையிலிருந்து வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் வாழும் ஆச்சி ஒருவர் அதற்கு இசையவில்லை. ‘ஊரில் சவுக்குக் கிளைதான் வைப்போம், அதுவே மெய்யான மரம். ஊர் வழக்கத்தையும் விட்டுவிட்டால் நமக்கென்று என்ன மிஞ்சும்?’ என்று அவர் கேட்டார். கூடத்தில் இருந்தோர் வாயடைத்துப் போயினர். ஆச்சியின் கேள்வி மரத்தைப் பற்றியது மட்டுமன்று. ஊரை விட்டு வந்தோர் அனைவரையும் பற்றியது. ஆகவே இவ்வழக்கின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். கண்டவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதலில் ஆராயத்தக்கது மரம் வைக்கும் வழக்கத்தின் தொன்மை. தமிழ்க் கிறிஸ்தவம் நெடுங்காலத்தது. புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542ஆம் ஆண்டில். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். நெல்லைச் சீமையில் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு எழுந்தது 1799இல். விழா மரமோ இவற்றிற்கெல்லாம் பிந்தியே நம்மிடம் வந்தது. ஜெர்மானிய நிலப்பகுதிகளில் அது பழைய வழக்கமேயாயினும், நெடுநாள் சிற்சில ஊர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஸ்திராஸ்பூர்க் நகரில் வீட்டினுள்ளே மரம் நிறுத்தி, அதில் காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கவிட்டதாக 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் அரண்மனை வட்டத்தில் அம்மரம் புகுந்தது 1800இல். ஜெர்மனியில் பிறந்த அரசியார் சார்லட் விண்ட்சரில் குழந்தைகளுக்காக ஒரு மரம் நிறுத்தினார். அதுவும் ஜெர்மானியர் போற்றும் ஃபர் மரம் அன்று. யூ என்னும் வேறொரு மரம். பின்னர் 1848இல் விக்டோரியா அரசியாரும் ஆல்பர்ட்டும் மக்களோடு மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் லண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதன் பிறகே ஆங்கிலேயக் குடும்பங்களில் இவ்வழக்கம் பரவலாயிற்று.

முத்துக்குளித்துறையில் சவேரியார் திருமுழுக்குக் கொடுத்த காலத்திற்கும் இப்படம் வெளியான காலத்திற்கும் இடையே 306 ஆண்டுகள் கழிந்தன. அத்தனை காலமும் தமிழ்க் கிறிஸ்தவர் விழாக் கொண்டாடாமலா இருந்தனர்? விழா இருந்தது, மரந்தான் இல்லை. பனையும் தென்னையும் செழித்த நாட்டில் குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரியாதவர் எவர்? கத்தோலிக்க இல்லங்களில் சிறப்பிடம் பெறும் குடிலுங்கூட மரத்திற்கு மூத்தது. அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் வைத்து, மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பிறப்புக் காட்சியை அமைத்த நாள் தொட்டு அவ்வழக்கம் பெருகிற்று.

அடுத்து, நம் ஊர்களில் மெய்யான மரம் எனப் போற்றப்படும் சவுக்கை நோக்குவோம். பனி பெய்யும் நாட்டு ஃபர் மரம் நம் கடற்கரை வெயிலில் வளராது. அதன் சாயலில் ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. ஊசிபோல் மெல்லிய பச்சை இழைகள் தொங்கும் சவுக்கு அவ்விடத்தை நிரப்பிற்று. ஆயினும் சவுக்கு ஊசியிலை மர வகையைச் சார்ந்தது அன்று. பூத்துக் காய்க்கும் மர வகையினது. நாம் ஊசியிலை என்று எண்ணுவது இலையே அன்று; கணுக்கணுவாக அமைந்த நுண்கிளை. மெய்யான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் சிறு செதில்களாக ஒட்டியிருக்கும். உருப்பெருக்காடி கொண்டு நோக்கினால் பிள்ளைகளும் இதனைக் காணலாம்.

மேலும், சவுக்கு நம் நாட்டுத் தொல்மரமும் அன்று. தென்கிழக்கு ஆசியக் கரைகள் முதல் ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் ஈறாக உள்ள நிலமே அதன் தாயகம். காசோவாரி என்னும் பெரும்பறவையின் இறகைப் போன்ற தொங்கிழைகள் உடைமையால் நூலோர் அதற்குக் காசுவரினா எனப் பெயரிட்டனர். இது சோழமண்டலக் கரையில் பெருந்தோட்டங்களாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். காரணம் பக்தியன்று, புகைவண்டி. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. தென்னாட்டில் நிலக்கரி அரிது; எஞ்சின்களுக்கு விறகு வேண்டும். மணலில் விரைந்து வளர்வதும், வேரில் வாழும் நுண்ணுயிரின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்கொள்வதும், எரித்தால் நல்ல கனல் தருவதும் ஆகிய பண்புகள் சவுக்கை அப்பணிக்கு உரியதாக்கின. எஞ்சினுக்கு விறகாக வந்த மரம் காலப்போக்கில் பந்தற்காலும் கட்டடச் சாரக் கழியும் ஆயிற்று. டிசம்பரில் ஏசுபாலன் பிறப்பிற்கு அணிமரமும் ஆயிற்று.

இக்கரையிலும் அக்கதை உண்டு. 1862இல் வட கன்னட மாவட்டம் சென்னை மாகாணத்திலிருந்து பிரித்துப் பம்பாய் மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. அதன் தலைநகராகிய கார்வாரின் கடற்கரையில் அந்நூற்றாண்டிலேயே சவுக்குத் தோப்புகள் எழுந்தன. கொங்கணக் கரையில் நம் மராத்தி அண்டை வீட்டார் ‘சுரூ’ என வழங்குவது நம் சவுக்கையேதான்.

ஆகவே ஆச்சி மெய்யென்று போற்றியதும் ஒரு காலத்தில் மாற்றாக வந்ததே. இதனால் ஆச்சியின் அன்பு பொய்யாகி விடாது. மூன்று நான்கு தலைமுறையினர் அம்மரத்தின் கீழ்ப் பாடியும் உண்டும் மகிழ்ந்தனர் என்பதே அதற்கு உரிமை தந்தது. புதிதாக வந்தது பழமையாவது இங்ஙனமே.

இனிச் செயற்கை மரத்தின் வரலாறு. இது நெகிழிக் காலத்தின் கண்டுபிடிப்பு என்று பலரும் கருதுவர், அது பிழை. செயற்கை மரத்தையும் முதலில் செய்தவர் ஜெர்மானியரே. 19ஆம் நூற்றாண்டில் வாத்தின் இறகுகளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி, கம்பிகளில் சுற்றி, அவற்றைக் கிளைகளாகப் பொருத்தி விற்றனர். ஆண்டுதோறும் இளமரங்களையும் அவற்றின் தலைப்பகுதிகளையும் மக்கள் வெட்டியதால் காடுகள் அழிகின்றன என்ற கவலை அதற்கு ஒரு காரணமாக அமைந்தது. ஆகவே காட்டின்மேல் கொண்ட பரிவும் செயற்கை மரத்தின் பிறப்பிற்கு ஓர் ஏது எனலாம். பின்னர் அமெரிக்காவில் 1959 முதல் சில ஆண்டுகள் அலுமினியத் தகட்டு மரங்கள் பெருவழக்காயின. அவை பளபளத்தன, ஆயினும் நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் பின் பி.வி.சி. என்னும் நெகிழியாலான மரமே எங்கும் பரவிற்று. இன்று உலகச் சந்தையில் விற்கும் செயற்கை மரங்களில் பெரும்பகுதி சீனத்தில் செய்யப்படுவதாகும்.

இவற்றுள் எது நன்று? பிரிட்டனில் கார்பன் டிரஸ்ட் என்னும் அமைப்பினர் இதற்கு ஒரு கணக்கிட்டுள்ளனர். ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள செயற்கை மரம் ஒன்றைச் செய்து விற்பதால் வெளியாகும் கரிப்புகை சுமார் 40 கிலோ. அதே உயரமுள்ள வெட்டிய மரத்தை விழாவிற்குப் பின் விறகாக எரித்தால் சுமார் 3.5 கிலோ, குப்பை மேட்டில் புதைத்து மட்கவிட்டால், எழும் மீத்தேன் வாயுவினால் சுமார் 16 கிலோ. எனவே செயற்கை மரத்தைப் பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தினாலன்றி அது வெட்டு மரத்தை வெல்லாது. இக்கணக்கு அந்நாட்டு மரத்திற்கு உரியது. எனினும் உணர்த்தும் நெறி நமக்கும் பொருந்தும். மரம் எதனால் ஆனது என்பதைவிட, எத்தனை ஆண்டு வைத்துப் போற்றினோம், இறுதியில் எங்கே எறிந்தோம் என்பனவே பெரிது.

எறியும் இடத்தைப் பற்றிச் செம்பூர் அன்பர்களுக்கு நாம் கூறத் தேவையில்லை. 1927 முதல் இந்நகரத்தின் குப்பையைச் சுமந்து மலையாக வளர்ந்த தேவனார் அவர்களின் அண்டையிலேயே உள்ளது. 2016 ஜனவரியில் அம்மேடு தீப்பற்றி எரிந்தபோது நாட்கணக்கில் புகை சூழ்ந்ததை அப்பகுதியினர் மறந்திரார். ஓரிரு விழாக்களில் சலித்து எறியும் நெகிழி மரமும் குப்பையோடு குப்பையாகச் சேரும்.

வெட்டு மரத்திற்கும் இந்நகரில் எல்லை உண்டு. 1975ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மர ஆணையத்தின் அனுமதியின்றி மரத்தை வெட்டலாகாது. ‘காலனி வாயிலில் நிற்பதுதானே, ஒரு கிளை ஒடித்தால் என்ன?’ என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. அலங்காரத்திற்குரிய தெர்மோகோலையும் 2018 மார்ச் மாதத்தில் மாநில அரசு தடை செய்தது.

மூன்றாம் வழி ஒன்றும் உண்டு. செடிப்பண்ணைகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்ற பெயரில் தொட்டியில் வளர்த்து விற்கும் அரகேரியா இனச் செடியே அது. விழா முடிந்தபின் வெளியே வைத்து நீரூற்றினால் அடுத்த ஆண்டும் உதவும். இதுவும் ஃபர் அன்று. தென் பசிபிக்கிலிருந்து வந்தது. இவ்வினத்தில் குக் பைன் என்பது 1774இல் நியூ கலிடோனியாவிற்குச் சென்ற கப்பல் தலைவர் குக்கின் பெயர் பெற்றது. ஐந்து கண்டங்களில் இம்மரங்களை அளந்து 2017இல் ஆய்வாளர் வெளியிட்ட செய்தி ஒன்று வியப்பிற்குரியது. இது எந்த நாட்டில் நட்டாலும் நிலநடுக்கோட்டை நோக்கியே சாய்ந்து வளர்கின்றதாம். அஃதாவது வடகோளத்தில் தெற்கு நோக்கிச் சாயும். மும்பையில் வாழ்ந்துகொண்டு தெற்கு நோக்கிச் சாயும் இயல்பு நமக்கும் புதிதன்று!

நிற்க. இவ்வழக்கு கிறிஸ்தவ அன்பர்க்கு மட்டும் உரியதென எவரும் எண்ணற்க. நம் வாயில்களில் மாவிலைத் தோரணம் இருந்த இடத்தில் நெகிழித் தோரணம் ஆண்டு முழுதும் தூசி படிந்து தொங்குகின்றது. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் உருவமா, பிளாஸ்டர் உருவமா என்ற வினா மன்றங்கள் வரை சென்றது. பிளாஸ்டர் உருவங்கள் கூடா என 2020 மே மாதத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெறி வகுத்தது. கொலுவிலும் மண் பொம்மைகளின் இடத்தில் வேறு பொருள்கள் வந்துவிட்டன. எல்லாச் சமயத்து இல்லங்களிலும் மெய்யும் மாற்றும் ஒரே வாயிலில் நின்று நம்மை வினவுகின்றன.

நம் காலனியின் முடிவைக் கூறி அமைவோம். இச்செய்திகளைக் கூட்டத்தில் படித்தபோது, ஓர் அன்பர் எழுந்து, தம் பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் பிரிக்கப்படாத செயற்கை மரம் ஒன்று வீட்டுப் பரணில் கிடப்பதாகக் கூறினார். புதிது வாங்குவதை விடுத்து அதனையே இறக்கினோம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கியதாம். சில கிளைகள் வளைந்திருந்தன. பிள்ளைகள் அவற்றை நிமிர்த்தினர். ஆச்சிக்கு மரத்தில் முழு மனநிறைவு இல்லை. ஆயினும், சவுக்கிற்கும் முன்னே ஊரில் தோரணம் இருந்தது என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. மறுநாள் மாட்டுங்கா நிலையத்தருகே உள்ள கடையிலிருந்து தென்னங்குருத்து வாங்கி வரச் செய்து, தம் கையாலேயே கீறி, மடித்து, கிளி கட்டி, கூடத்தின் வாயிலில் தொங்கவிட்டார். சிறுமியர் சிலர் அருகிலிருந்து கற்றுக்கொண்டனர். அவருள் இந்துக்களும் இருந்தனர், இஸ்லாமியரும் இருந்தனர்.

‘நமக்கென்று என்ன மிஞ்சும்?’ என்று ஆச்சி கேட்டாரல்லவா? மரங்கள் மாறியே வந்திருக்கின்றன, இனியும் மாறும். ஆயினும் குருத்தோலை மடிக்கும் கையும், அதனைக் கற்றுக்கொள்ளும் கையும் உள்ளவரை நமக்குரியது குறையாது. இவ்வாண்டு விழாவிற்கு அச்சிறுமியரே தோரணம் கட்ட இசைந்துள்ளனர். பரணிலிருந்து இறக்கிய மரமும் பதினைந்தாம் ஆண்டாக நிற்கும். அன்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்து சிறப்பிக்குமாறு வேண்டுகின்றோம்.