சக்கரமும் வட்டமும்: திருவனந்தபுரத்தில் நாணயமாற்றுக் கழிவின் வரலாறு

ஓர் ஆட்சிப்பகுதியின் பணத்தை மற்றோர் ஆட்சிப்பகுதியின் பணமாக மாற்றித் தருபவர், அந்த உதவிக்காகப் பிடித்துக்கொள்ளும் கழிவைத் தமிழ் வணிகர் ‘வட்டம்’ என்று அழைத்தனர். நாணயத்தின் தேய்மானம், வெள்ளியின் மாற்று, இரு ஊர்களுக்கு இடையிலான தொலைவு ஆகியவற்றைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் வந்த இந்த வட்டம், காசுக்கடையின் மேசைமீது வெளிப்படையாகப் பேரம் பேசி முடிவு செய்யப்பட்டது. இன்று வெளிநாட்டுக்குச் செல்லும் ஒருவர் தம் வங்கி அட்டையைச் செருகிப் பணம் எடுக்கும்போது கணக்கில் கழியும் தொகையும் அதே வட்டம்தான். ஆனால் அது பேரத்துக்கு இடமின்றி, பெரும்பாலும் மாத இறுதியில் கணக்கறிக்கையைப் பார்த்த பிறகே தெரியவருகிறது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறியத் திருவனந்தபுரம் மிகவும் பொருத்தமான நகரம். ஏனெனில் அந்நகரம் ஒரு காலத்தில் தனக்கெனச் சொந்த நாணயம் வைத்திருந்தது, பின்னர் தன் மக்களில் பலரை அயல்நாட்டு நாணயம் ஈட்ட அனுப்பியது.

திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூர் அரசின் நாணய முறை, பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்னும் வாய்பாட்டில் அமைந்திருந்தது. பொன்னால் ஆன அனந்தராயன் பணமும், சங்கு முத்திரை தாங்கிய வெள்ளி நாணயங்களும், செம்புக் காசுகளும் வழங்கிய அந்நாட்டில், அன்றாட வாழ்வின் அடிப்படை நாணயம் சக்கரமே. பழைய வெள்ளிச் சக்கரம் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு போகும் அளவுக்குச் சிறியது. ஆகவே அதை ஒவ்வொன்றாக எண்ணாமல், வரிசை வரிசையாகக் குழிகள் வெட்டிய மரப்பலகையின்மீது கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டிக் குலுக்கி, குழிகள் நிரம்பியதும் மிகுதியை வழித்துவிட்டு, பலகைக்கு இத்தனை என்று கணக்கிட்டனர். குழிக்கு ஒன்று என்பது பார்ப்பவர் எவருக்கும் தெரிந்ததால், எண்ணிக்கையில் ஏமாற்ற இடமில்லாத அந்தப் பலகையை நேர்மையான கருவி என்றே சொல்ல வேண்டும். மலையாளத்தில் ‘நாலு சக்கரம்’ என்றால் இன்றும் சம்பாத்தியம் என்றே பொருள்.

சிக்கல் எல்லையில் தொடங்கியது. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் 180 கிரெய்ன் எடையுள்ள ஒரே வெள்ளி ரூபாய் ஏற்பட்டது. அதற்கு முன் ஆர்க்காட்டு ரூபாய், சிக்கா ரூபாய், பகோடா எனப் பலவகை நாணயங்களுக்கும் தனித்தனி வட்டம் இருந்தது. கம்பெனி ரூபாயும் திருவிதாங்கூரின் சர்க்கார் ரூபாயும் பெயரால் ஒன்றாயினும் மதிப்பால் ஒன்றல்ல: சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அரைச் சக்கரம்தானே என்று தோன்றும். ஆனால் நூறு பிரிட்டிஷ் ரூபாயுடன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வந்த ஒருவருக்கு முறைப்படி கிடைக்க வேண்டியது 2,850 சக்கரம், அதாவது 101 சர்க்கார் ரூபாய் 5 பணம் 2 சக்கரம். ரூபாய்க்கு ரூபாய் சரி என்று நம்பி நூறு சர்க்கார் ரூபாயுடன் அவர் அமைந்துவிட்டால், 50 சக்கரத்தைக் காசுக்கடையிலேயே விட்டுச் சென்றவர் ஆகிறார். கடைக்காரர் தமக்குரிய வட்டத்தைக் கழித்தால் அது இதற்கு மேற்பட்டது.

இந்த விகிதத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. பிரிட்டிஷ் ரூபாய்க்குப் பதினாறு அணா, சக்கரத்துக்குப் பதினாறு காசு என்பதால், ஒரு ரூபாய் 28½ சக்கரமாக இருப்பதைப் போலவே ஓர் அணாவும் 28½ காசாக அமைகிறது. அரைக்காசு என்றொரு நாணயம் இல்லாததால், ஓர் அணாவைத் திருவிதாங்கூர்க் காசில் சரியாகக் கொடுப்பது இயலாத செயல். இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. திருவனந்தபுரத்தில் இரண்டு அஞ்சல் அமைப்புகள் அருகருகே இயங்கின: நாட்டுக்குள் செல்லும் கடிதங்களுக்கு அரசின் சொந்த ‘அஞ்சல்’, 1888 முதல் சக்கர மதிப்பில் தபால்தலை கேட்டது; வெளியே செல்லும் கடிதங்களுக்குப் பிரிட்டிஷ் இந்தியத் தபால், அணா மதிப்பில் தபால்தலை கேட்டது. அஞ்சல் அமைப்பு 1951இல்தான் இந்தியத் தபால் துறையுடன் இணைந்தது; சக்கரம் வழக்கில் இருந்தவரை, கடிதம் எங்கே போகிறது என்பதே எந்த நாட்டுக் காசு தேவை என்பதைத் தீர்மானித்தது. சில்லறையாக மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த அரைக்காசு யாரேனும் ஒருவருக்கு நட்டமாயிற்று. ஏழைக்கே அது மீண்டும் மீண்டும் நட்டமாயிற்று, ஏனெனில் சிறு தொகையை அடிக்கடி மாற்ற வேண்டிய நிலையில் இருந்தவர் அவரே.

பெருவணிகர் இந்த வட்டத்தைத் தவிர்க்கும் வழிகளை நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர். திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் கடை வைத்திருந்தனர். எல்லையின் இருபுறமும் கணக்கு வைத்திருந்தவருக்கு நாணயத்தைச் சுமந்து செல்லும் தேவையே எழவில்லை. ஓர் ஊரில் பணத்தைப் பெற்றுக்கொண்டு மற்றோர் ஊரிலுள்ள பங்காளி அல்லது முகவர் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும் என்று எழுதித் தரும் ஓலையே உண்டியல். சரக்கு விற்ற கடனும் சரக்கு வாங்கிய கடனும் அதில் ஒன்றுக்கொன்று நேராகிவிட, மிச்சத் தொகைக்கு மட்டுமே மாற்று தேவைப்பட்டது. நாணயத்தின் தரம் பார்ப்பதும் ஒரு தனித் தொழிலாக இருந்தது. பொற்காசை நோட்டம் பார்ப்பவனைக் குறிக்கும் ‘வண்ணக்கன்’ என்னும் சொல் சங்கப் புலவர் வடமவண்ணக்கன் பேரிசாத்தனாரின் பெயரிலேயே நிலைத்திருப்பதைப் பார்க்கும்போது, பணம் மாற்றுவதில் அறிவுடையவரின் துணை வேண்டும் என்று தமிழ்ச் சமூகம் எத்தனை முன்னரே உணர்ந்திருந்தது என்பது விளங்கும்.

1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்தபின் சக்கரம் வழக்கொழிந்து, ஆரல்வாய்மொழியில் பணம் மாற்றும் தேவையும் ஒழிந்தது. ஆனால் அதே காலத்தில் மக்கள் கடக்கத் தொடங்கிய எல்லை வேறு. பாரசீக வளைகுடாவில் குவைத்து, பஹ்ரைன், கத்தார், துபாய் முதலிய பகுதிகளில் அப்போது இந்திய ரூபாயே செலாவணி. ஆகவே 1950களில் அங்கே வேலைக்குச் சென்ற கேரளத்துத் தொழிலாளிக்கு ஊதியம் இந்திய ரூபாயிலேயே கிடைத்தது, வட்டம் என்ற பேச்சே இல்லை. தங்கக் கடத்தலுக்கு ரூபாய் பயன்பட்டு இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென வேறு நிறத்தில், ‘இசட்’ எழுத்து வரிசையில் தனி நோட்டுகளை வெளியிட்டது. 1961இல் குவைத்தும் 1965இல் பஹ்ரைனும் சொந்த தினாருக்கு மாறின. 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த மதிப்பு 7.50 ஆகக் குறைக்கப்பட்டதும் கத்தாரும் துபாயும் ரூபாயைக் கைவிட்டன. எண்ணெய்ப் பணம் பெருகிய 1970களில் கேரள இளைஞர் திரளாகச் சென்றபோது, ஒரு தலைமுறைக்கு முன் இல்லாதிருந்த வட்டம் அவர்களுக்காகக் காத்திருந்தது.

1974இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், அயல்நாட்டுப் பணத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கும் அளவுக்கு இறுகியது. வெளியே செல்பவருக்குத் துணையாக இருந்தது பயணக் காசோலை: 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறையில், வாங்கும்போது ஒரு கையொப்பமும் மாற்றும்போது மற்றொரு கையொப்பமும் இடவேண்டும்; தொலைந்தால் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் விற்கும் இடத்திலும் மாற்றும் இடத்திலும் இருமுறை கழிவு நேரலாம். அந்த ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பதிலாகத் தளர்வான அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது.

கேரளத்தின் முதல் ஏ.டி.எம். 1992இல் திருவனந்தபுரத்தில் அமைந்தது. அதை அமைத்தது பிரிட்டிஷ் பேங்க் ஆஃப் த மிடில் ஈஸ்ட். 1889இல் பாரசீகத்துக்கென ஏற்படுத்தப்பட்டு, 1946இல் துபாயின் முதல் வங்கியைத் திறந்து, 1959இல் ஹாங்காங் வங்கியின் உடைமையான நிறுவனம் அது. வளைகுடாவின் வங்கி ஒன்றே இந்நகருக்கு எந்திரத்தைக் கொண்டுவந்தது தற்செயல் ஆகாது. முந்தைய ஆண்டுதான் திருவனந்தபுரம் விமான நிலையம் பன்னாட்டு நிலையமாக உயர்ந்திருந்தது, பணமும் பயணிகளும் வந்த திசை ஒன்றே. அந்நாட்டுக்கே உரிய வங்கியின் கதை வேறு: 1945இல் திருவிதாங்கூர் அரசின் ஆதரவுடன் தொடங்கிய திருவிதாங்கூர் வங்கி, பின்னாளில் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் ஆகி, 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவில் கரைந்தது. சக்கரத்துக்குப்பின் அந்நாட்டின் பெயரைத் தாங்கி நின்ற பணச்சின்னமும் அத்துடன் மறைந்தது.

எந்திரம் பேரத்தை ஒழித்தது, வட்டத்தை ஒழிக்கவில்லை. அதைப் பல துண்டுகளாக்கி மறைத்தது. வெளிநாட்டில் பணம் எடுக்கும் இந்திய அட்டையில், அட்டை தந்த வங்கி ஒவ்வொரு முறைக்கும் பிடிக்கும் நிலைக்கட்டணம் ஒன்று. அந்நிய நாணயத்தை ரூபாயாக்குவதற்கு விழுக்காட்டில் பிடிக்கும் ‘மார்க்கப்’ ஒன்று. எந்திரத்தின் உரிமையாளர் கேட்கும் கட்டணம் மற்றொன்று. பல வங்கிகளில் வழங்கும் 3.5 விழுக்காட்டு மார்க்கப்புடன் 18 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் அது 4.13 விழுக்காடு, அதாவது பத்தாயிரம் ரூபாய்க்கு 413 ரூபாய். நிலைக்கட்டணம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ரூபாய் எடுப்பவர் அதிலேயே 15 விழுக்காடும், பதினையாயிரம் எடுப்பவர் ஒரே விழுக்காடும் இழக்கிறார். அணா மாற்றிய ஏழையின் அரைக்காசு நட்டமே இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும்.

இவற்றிலும் கொடியது ‘டைனமிக் கரன்சி கன்வர்ஷன்’ எனப்படும் முறை. துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள எந்திரம், அட்டை இந்தியாவுடையது என்று கண்டதும், தொகையை ரூபாயிலேயே காட்டி, இந்த வீதத்தில் மாற்றிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கும். தாய்நாட்டு நாணயம் கண்ணில் பட்ட நிம்மதியில் பலர் சம்மதித்துவிடுகிறார்கள்; ஆனால் அந்த வீதத்தை நிர்ணயிப்பது எந்திரக்காரர், அவருடைய லாபம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நூறு ரூபாய்க்கு நூறு ரூபாய் சரி என்று காசுக்கடையில் சொல்லப்பட்ட பழைய வார்த்தை இதுவேதான். முன்கூட்டியே அந்நிய நாணயத்தில் பணம் நிரப்பிச் செல்லும் பயண அட்டை, 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் அமைப்புடன் யு.பி.ஐ. இணைந்ததால் ஏற்பட்ட நேரடிப் பரிமாற்றம் ஆகியவை உண்டியல் வணிகர் கண்ட வழியின் இக்கால வடிவங்கள். அவை எட்டாதபோது, தேவையான ரொக்கத்தை ஓரிரு முறைகளில் சேர்த்து எடுப்பதே நட்டத்தைக் குறைக்கும். பயணம் புறப்படும் முன் தம் வங்கியின் கட்டணப் பட்டியலை ஒருமுறை படித்துக்கொண்டு, அயல்நாட்டு எந்திரத்தின் திரை ரூபாயைக் காட்டிச் சம்மதம் கேட்கும்போது அதை மறுத்து, அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு பயணியும் கட்டாயம் செய்ய வேண்டியது.