தொழிற்சாலைக்குச் சென்ற குருக்கள்

1943ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி, பாரிசு மாநகரின் பேராயர் கர்தினால் சுஹாரின் கைக்கு ஓர் அறிக்கை வந்து சேர்ந்தது. ஒரே இரவில் அதை அவர் படித்து முடித்தார் என்று சொல்வார்கள். எழுதியவர்கள் ஹென்றி கொதேன், இவான் தானியேல் என்னும் இரு குருக்கள். இருவரும் இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கத்தில் பணியாற்றியவர்கள். பிரான்சு ஒரு மறைபரப்பு நாடா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அவ்வாண்டே நூலாக வெளிவந்தபோதும் அந்த வினாவே தலைப்பாயிற்று.

வினாவின் கூர்மையை நாம் எளிதில் உணரலாம். புதுவையிலும் சேலத்திலும் கோவையிலும் பாரிசு மறைபரப்புச் சபைக் குருக்கள் எழுப்பிய கோயில்களில் செபித்து வளர்ந்த மக்கள் நாம். நமக்கு மறைபரப்பாளரை அனுப்பிய நாட்டிற்கே மறைபரப்பாளர் தேவை என்று அந்நாட்டுக் குருக்களே எழுதினார்கள்.

தொழிலாளர் கோயிலுக்கு வருவதில்லை என்ற முறையீடு பழையதுதான். கொதேன் கண்டதோ அதனினும் ஆழமானது. ஓர் இளந்தொழிலாளி மனந்திரும்பிப் பங்குக் கோயிலுக்கு வந்தால், அங்கே அவன் அந்நியனாக நின்றான். பேச்சும் உடையும் பழகும் முறையும் நடுத்தர வகுப்பாருக்கு உரியனவாக இருந்தன. கிறித்தவனாக வாழ வேண்டுமானால் தன் தெருவையும் தோழரையும் விட்டு வெளியேற வேண்டும் என்ற நிலை அவனுக்கு ஏற்பட்டது. நற்செய்தி கேட்காத நிபந்தனை இது. திருச்சபைக்கும் உழைக்கும் மக்களுக்கும் இடையே ஒரு சுவர் நிற்கிறது என்று கர்தினால் சுஹாரும் வருந்திப் பேசி வந்தார். 1941இல் பிரெஞ்சு ஆயர்கள் 'பிரான்சு மறைபரப்புப் பணி' என்னும் அமைப்பைத் தொடங்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் குருமடத்தைக் குழந்தை தெரசாவின் ஊராகிய லிசியேயில் அமைத்தார்கள்.

போர்க்காலம் மற்றொரு பாடத்தையும் தந்தது. பல இலட்சம் பிரெஞ்சுத் தொழிலாளர் செர்மனியின் தொழிற்சாலைகளுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு ஆன்ம குருக்களை அனுமதிக்க நாத்சி அரசு மறுத்தது. எனவே ஏறக்குறைய இருபத்தைந்து குருக்கள் தங்கள் குருத்துவத்தை மறைத்து, தொழிலாளராகவே அங்குச் சென்றனர். இயேசு சபைக் குரு ஹென்றி பெரேன் அவர்களுள் ஒருவர். லைப்சிக் நகரில் தொழிற்சாலையில் வேலை செய்து, அடையாளம் வெளிப்பட்டுச் சிறைப்பட்டு, 1944இல் நாடு திரும்பினார். அங்கியும் கோயிலும் பட்டப்பெயரும் இல்லாத இடத்தில் தம்மைக் குருவாகக் காட்ட என்ன எஞ்சியிருந்தது என்ற கேள்வியோடு அவர் திரும்பினார் என்றே அவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குச் சொல்கிறது.

1944இன் தொடக்கத்தில் 'பாரிசு மறைபரப்புப் பணி' செயல்படத் தொடங்கியது. அந்தச் சனவரியிலேயே கொதேன், தம் அறையின் அடுப்புப் புகையால் உறக்கத்திலேயே இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் நடந்தார்கள். குருமனையை விட்டுத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். பொழுது புலருமுன் எழுந்து ஆலைக்குச் சென்று, கூலி வாங்கி, அந்தக் கூலியில் உண்டார்கள். தூய பவுல் கூடாரம் செய்து பிழைத்ததை நாம் மறையுரையில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்கள் அதைச் செய்து பார்த்தார்கள்.

அன்றாட வாழ்வின் சிறு செய்திகளிலேதான் உண்மையான சிக்கல்கள் தோன்றின. திருப்பலியை எப்போது நிறைவேற்றுவது? நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாது நோன்பிருந்து, காலையில் திருப்பலி காண்பதே அன்றைய சட்டம். பகல் முழுவதும் இரும்போடு போராடியவனுக்கு இது எவ்வாறு இயலும்? சிறப்பு அனுமதி பெற்று, மாலை வேளையில், சமையலறை மேசையைச் சுற்றி அண்டை வீட்டார் சிலருடன் திருப்பலி நிறைவேற்றினார்கள். 1953 சனவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தி, குறிப்பிட்ட நாள்களில் மாலைத் திருப்பலிக்கும் வழி திறந்தார். ஆலைகளில் இரவும் பகலும் முறை மாற்றி உழைப்போரை அந்த ஆணையே குறிப்பிடுகிறது. வேலை முடிந்து மாலைத் திருப்பலிக்குச் செல்லும் நம்மில் பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

மார்செய் துறைமுகத்தில் தொமினிக்கன் சபைக் குரு ஜாக் லேவ் 1941 முதலே மூட்டை சுமந்து வந்தார். வழக்கறிஞராக இருந்து, இறைநம்பிக்கையற்ற நிலையிலிருந்து மனந்திரும்பிக் குருவானவர் அவர். துறைமுகத் தொழிலாளரின் வாழ்வை ஆராய வந்தவர், ஏடுகளால் அறிய முடியாததைத் தோளால் அறிய முற்பட்டார். போர்தோ துறைமுகத்தில் மிஷேல் ஃபவ்ரோ என்னும் குரு 1951இல் மரச்சரக்கு விழுந்து மாண்டார். உடன் உழைத்தோர்க்கு நேரும் ஆபத்து அவரையும் விட்டுவைக்கவில்லை.

ஆனால் ஆலைக்குள் நுழைந்தவன் கூலியையும் வேலைநிறுத்தத்தையும் கண்டும் காணாமல் இருக்க முடியாது. குருக்கள் பலர் தொழிற்சங்கங்களில் சேர்ந்தனர். சிலர் பொறுப்புகளையும் ஏற்றனர். மிகப் பெரிய சங்கமோ பொதுவுடைமையினரின் செல்வாக்கில் இருந்தது. 1952 மே மாதம் பாரிசில் நடந்த ஆர்ப்பாட்டமொன்றில் இரு தொழிலாளர் குருக்கள் கைதாகினர். உரோமை கவலையுற்றது. அந்தக் கவலையை வெறும் அச்சம் என்று ஒதுக்குவது நியாயமன்று. நாள் முழுதும் பொறியோடு கழிப்பவனுக்குச் செபத்திற்கு நேரம் எங்கே? அருட்சாதனங்களுக்காகத் திருநிலைப்படுத்தப்பட்டவன் சங்கச் செயலாளனாக இருப்பதால் மக்கள் பெறுவது என்ன? பொதுநிலையினர் ஆற்றவேண்டிய பணியைக் குரு பறித்துக்கொள்கிறாரோ? இவை நேர்மையான கேள்விகளே.

1953 இறுதியில் கர்தினால்கள் லியேனார், ஜெர்லியே, ஃபெல்தேன் மூவரும் உரோமைக்குச் சென்று பரிந்து பேசினர். 1954 சனவரியில் ஆயர்களின் மடல் வந்தது. ஆலை வேலை நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மிகலாகாது. சங்கப் பொறுப்புகளைத் துறக்க வேண்டும். மார்ச்சு முதல் நாளே கெடு. மூன்று மணி நேரத்திற்கு எந்த முதலாளி ஆள் எடுப்பான்? வரம்பு என்ற பெயரில் வந்தது தடையே.

ஏறக்குறைய நூறு பேர் அந்த முடிவின் முன் நின்றார்கள். திருச்சபைக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம். உங்களை விட்டுப் போகமாட்டோம் என்று தோழருக்குக் கொடுத்த வாக்கு மறுபுறம். எதை மீறினாலும் அது காட்டிக்கொடுத்தலாகவே அவர்களுக்குத் தோன்றியது. ஏறத்தாழப் பாதிப்பேர் கீழ்ப்படிந்தனர். மற்றவர்கள் வேலையிலேயே நிலைத்தனர். கீழ்ப்படிந்தவர்களுள் லேவும் ஒருவர். பெரேனோ முடிவெடுக்க இயலாத வேதனையிலேயே அவ்வாண்டு அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார்.

1959இல் தடை மேலும் இறுகியது. அப்போதைய திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர், முன்பு பாரிசில் திருத்தந்தையின் தூதராக இருந்து இம்முயற்சியை அருகிலிருந்து கண்டவர் என்பது வியப்பிற்குரியது. அவர் கூட்டிய வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், 1965 அக்டோபரில், திருத்தந்தை ஆறாம் சின்னப்பரின் இசைவோடு பிரெஞ்சு ஆயர்கள் குருக்களை மீண்டும் ஆலைக்கு அனுப்பத் தீர்மானித்தனர். அவ்வாண்டு திசம்பரில் வெளிவந்த குருக்கள் பற்றிய ஏடு, கையால் உழைத்துத் தொழிலாளரின் வாழ்வில் பங்குபெறுவோரையும் குருக்களின் பணிகளுள் வைத்துச் சொல்கிறது. 1970இல் வத்திக்கானில் திருத்தந்தைக்கே தவக்காலத் தியானம் வழங்க அழைக்கப்பட்டவர், மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்த அதே ஜாக் லேவ்.

1954இல் வேலையிலேயே தங்கியவர்களுக்கு இந்த அனுமதி பதினோர் ஆண்டு பிந்தி வந்தது. அவர்களுள் சிலர் அதற்குள் மணம்புரிந்திருந்தனர், சிலர் இறந்திருந்தனர், சிலர் தனிமையில் செபித்துக்கொண்டே அதே பட்டறைகளில் முதுமையடைந்து கொண்டிருந்தனர்.